விஷம் தின்ற சாம்பல்

டாக்டர் அனங்கமோகன் தலாபாத்ரா நெல் உமியிலிருந்து ஓர் அதிசயப் பொருளைக் கண்டெடுத்து உலகத்துக்குக் கொடுத்தார் என்று மாதப்கஞ்ச் கல்லூரியின் வாசல் பலகையில் எழுதியிருந்தது. உமியை எரித்தவள் கேதகி. சாம்பலை அமிலத்தில் ஊறவைத்தவளும், அலசி உலர்த்திச் சலித்தவளும் அவளே. தலாபாத்ரா அதற்குப் பெயர் வைத்தார். பெயர் இரண்டு வரி நீளம். அதில் உமி என்றோ சாம்பல் என்றோ ஒரு சொல்கூட வராதபடி பார்த்துக்கொண்டதில்தான் அவருடைய நெடுநாள் அனுபவம் தெரிந்தது. சாம்பல் என்று எழுதினால் எந்த வெளிநாட்டுப் பத்திரிகை அச்சடிக்கும்?

கேதகி காஸ்நபிஸ் அந்த வேதியியல் துறையில் ஒப்பந்த விரிவுரையாளர். வடக்கே கூச்பிஹாரிலிருந்து வந்தவள். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தாள். ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிக்கப்படும். புதுப்பிக்கிற கையெழுத்து தலாபாத்ராவுடையது. ஆகவே கட்டுரையில் தன் பெயர் நான்காவதாக வந்ததைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. இரண்டாவது பெயர் தலாபாத்ராவின் மருமகனுடையது. மருமகன் பர்த்வானில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார்.

ஆனால் அந்தச் சாம்பல் மீது கேதகிக்கு உண்மையாகவே பிரியம் உண்டு. மாணவர்கள் பரிசோதனை முடிந்ததும் கொட்டுகிற தண்ணீர் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அதில் இருப்பது குரோமியம், விஷ உலோகம். எத்தனையோ வருடங்களாக அது தொட்டியிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து விடுதிக்குப் பின்னால் இருந்த குளத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. இப்போது ஒரு நீல டிரம்மில் சாம்பலை நிரப்பி, ஆரஞ்சுத் தண்ணீரை அமிலத்தோடு மேலே ஊற்றினால், கீழே குழாயில் கண்ணாடி போல இறங்கிற்று. குரோமியம் சாம்பலின் மேனியில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். முதல்முறை அதைப் பார்த்த அன்று கேதகி சாப்பிட மறந்து டிரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

நாட்டில் கல்லூரிக்கு ஒருவர் இப்படி ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டுதான் இருந்தார். ஒருவர் வாழைப்பழத் தோல், ஒருவர் புளியங்கொட்டை, ஒருவர் வேர்க்கடலைத் தொலி. எல்லாருடைய கட்டுரையிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் விஷம் நீங்கிவிடும். எல்லாருடைய கல்லூரி வாய்க்காலிலும் ஆரஞ்சுத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மாதப்கஞ்சில் மட்டும் டிரம் நிஜமாகவே வேலை செய்தது என்றால், அந்தப் பெருமை விஞ்ஞானத்துக்கு உரியதல்ல. கல்லூரிக்குத் தரம் போட ஒரு குழு வரவிருந்தது.

குழு வருவதற்கு முன்னால் குளிர்காலத்தில் ஒரு கருத்தரங்கு நடந்தது. ஹார்மோனியத்தோடு வரவேற்புப் பாட்டு, உத்தரீயம், பூங்கொத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் நினைவுப் பரிசு. ஒலிபெருக்கிக்காரனுக்குத் துர்கா பூஜைக்குக் கட்டித்தான் பழக்கம். கருத்தரங்குக்கும் அவன் அப்படியே நாலு திசைக்கு நாலு குழாய் கட்டிவிட்டான். ஒன்று நேராக மீன் சந்தையைப் பார்த்தபடி இருந்தது.

"இந்தப் பொருள் விஷத்தைத் தின்னும்!" என்று தலாபாத்ரா முழங்கினார். "முழுக்க இயற்கையானது. இதை வைத்து நீங்கள் பல் தேய்க்கலாம்! நம் கிராமத்து அம்மாமார்களின் அடுப்பங்கரையில் இருந்ததைத்தான் நான் உலகத்தின் ஆய்வகத்தில் வைத்திருக்கிறேன்."

பின்வரிசையிலிருந்து ஒல்லியான ஓர் ஆள் எழுந்து, "தின்ற விஷம் பிறகு எங்கே போகும் ஸார்?" என்று கேட்டார். அவர் கையில் மைக் இல்லை.

"நல்ல கேள்வி," என்றார் தலாபாத்ரா மைக்கில். "சாப்பாட்டு வேளையில் பேசுவோம்."

சாப்பாட்டு வேளையில் ஒல்லி ஆள் இரண்டாவது ரோகு மீன் துண்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். கேள்வி அதோடு கரைந்து போயிற்று. சந்தைக்கு நல்ல கேள்வி என்ற பாராட்டு மட்டும் கேட்டது.

மறுநாள் கேதகி மீன் வாங்கப் போனபோது பாருல்பாலா மாலோ அவளைப் பார்த்ததுமே சிரிக்க ஆரம்பித்தாள். சந்தையில் நுழைந்ததும் முதல் சிமெண்ட் மேடை பாருலுடையது. விதவை. பெரிய அரிவாள்மணையைக் காலால் அமுக்கிப்பிடித்துக்கொண்டு, எவ்வளவு பெரிய மீனானாலும் பேச்சை நிறுத்தாமல் வெட்டுவாள். தனியாள் சமையலுக்கு மீன் வாங்குகிற கேதகியைப் போன்றவர்களைச் சந்தையில் யாரும் மதிப்பதில்லை. பாருல் மட்டும் மூன்று சின்ன மீனையும் முகம் சுளிக்காமல் ஆய்ந்து கொடுப்பாள். கேதகிக்கு அவள் மாசி, சித்தி மாதிரி; அவளுக்குக் கேதகி திதிமணி, டீச்சரம்மா.

"என்ன திதிமணி, சாம்பலைப் பத்திப் பேசறதுக்குக் கல்கத்தாவுலேருந்து ஆளுங்க கார் போட்டுக்கிட்டு வந்தாங்களாமே?"

"வந்தாங்க மாசி."

"என்கிட்ட வந்து கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். சாம்பல் போட்டா கெளுத்தி வழுக்காது. இதுக்குப் போயி ஒருத்தர மாத்தி ஒருத்தர் ஷால் போத்திக்கிட்டாங்களா?"

"இது வேற சாம்பல் மாசி. தண்ணியில இருக்கிற விஷத்தை எடுக்கும்."

"கேட்டேனே, குழாயில பூரா கேட்டேனே. பல்லு வேற தேய்க்கலாமாம். உங்க பெரிய ஸாருக்கு வீட்டுல பேஸ்ட் வாங்கித் தரமாட்டாங்களா?" பாருல் துள்ளுகிற தேளி மீன் ஒன்றைப் பிடித்து, பக்கத்துக் கூடையில் கிடந்த கடைசிப் பிடி சாம்பலில் புரட்டினாள். "நீங்க சிரிங்க. எனக்கு இங்க சாம்பலே கிடைக்கல. ஊர் முழுக்க கேஸ் அடுப்பு. டீக்கடைக் கரிச்சாம்பல் கையெல்லாம் பிசுபிசுங்குது. உமிச்சாம்பல்தான் சுகம். மில்லுக்காரன் அதையும் செங்கல் சூளைக்கு வித்துடறான்."

கேதகி சிரித்துவிட்டு மீனை வாங்கிக்கொண்டு வந்தாள்.

தரம் போடும் குழு வருகிற வாரம் கல்லூரியில் வெள்ளையடித்தார்கள். வாடகைப் பூந்தொட்டிகள் வந்து இறங்கின. ஆய்வகத்துக்குப் பின்னால் விஷம் தின்று முடித்த சாம்பல் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்ததைத் தலாபாத்ரா மூக்கைச் சுளித்துப் பார்த்தார்.

"இது என்ன கண்றாவி, கேதகி?"

"நம்ம சாம்பல்தான் ஸார். குரோமியம் ஏறினது. கழிவுக்குன்னு இருக்கிற இடத்துக்கு அனுப்பணும்னு நான் ரெண்டு தடவை..."

"அனுப்பலாம், அனுப்பலாம். முதல்ல இதைக் கண்ணுல படாம பண்ணு. கழிவே இல்லாத ஆய்வகம்னு அறிக்கையில எழுதியிருக்கேன். நீதானே தட்டச்சு பண்ணினே?"

அவள்தான் தட்டச்சு செய்திருந்தாள்.

காவலாளி பஞ்சானனைக் கூப்பிட்டாள். பஞ்சு அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் அவரைப் பஞ்சுதா என்பார்கள். அவர் மூட்டையை ஒரு கண்ணால் பார்த்தார். "என்ன திதிமணி இது? மருந்தா? தொட்டா ஏதாவது ஆகுமா?"

ஆகும் என்று சொன்னால் பஞ்சுதா தொடமாட்டார். வேறு ஆளும் கிடைக்காது. விளக்கிச் சொல்ல நேரமும் இல்லை. மாடியில் வரவேற்பு வளைவுக்கு எழுத்து ஒட்டும் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. கூடவே போய் நின்று கொட்டச் செய்யலாம் என்று ஒரு கணம் தோன்றிற்று. அந்தக் கணத்தில் தலாபாத்ரா மாடியிலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

"வெறும் சாம்பல்தான் பஞ்சுதா," என்றாள் கேதகி. "ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டிடுங்க. யாரும் நடமாடாத இடமாப் பாத்து."

மாதப்கஞ்சில் சாம்பலைக் கொட்டுகிறவன் உண்டா? மீன் வெட்டுகிற ஊர். பாத்திரம் தேய்க்கிற ஊர். பஞ்சுதா மூட்டைகளைச் சைக்கிள் வேனில் ஏற்றினார். ஊருக்கு வெளியேதான் கிளம்பினார். வழியில் பாருலின் வீடு இருந்தது. நல்ல மனிதர், ஒருத்திக்கு உதவுகிற பொருளைப் பள்ளத்தில் கொட்ட அவருக்கு மனசு வரவில்லை. அதுவும் நாலு குழாயில் புகழப்பட்ட சாம்பல். பாருலின் கொல்லைக் கொட்டகையில் இறக்கிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்தார்.

குழு வந்தது. கழிவில்லாத ஆய்வகத்தைப் பார்த்துத் தலையசைத்தது. மதியச் சாப்பாட்டில் பாருல் வெட்டி அனுப்பிய கெளுத்திக் குழம்பைப் பார்த்து இன்னும் பலமாகத் தலையசைத்தது. நல்ல தரமே போட்டது.

குழு போன கையோடு கோடை விடுமுறை தொடங்கிற்று; கேதகி ஊருக்குப் போனாள். அம்மாவுக்குக் கண் அறுவை; திரும்பி வரும்போது மழைக்காலம் பிடித்துவிட்டது. சந்தைக்குள் நுழைந்தவள் பாருலின் மேடையில் கூட்டத்தைப் பார்த்து ஒதுங்கி நின்றாள். முன்பெல்லாம் அப்படிக் கூட்டம் இருந்ததில்லை. ஆனால் கூட்டத்தில் ஒரு தினுசான இடைவெளியும் இருந்தது. கேட்டார்கள், வாங்கினார்கள், கை படாமல் வாங்கினார்கள்.

பாருலின் இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது.

"வாங்க திதிமணி! இளைச்சுப் போயிட்டீங்க. ஊர்ல அம்மா சோறு போடலையா?"

"கையில என்ன மாசி?"

"புண்ணு. மீன் முள்ளு குத்தி இருக்கும். ஆறமாட்டேங்குது." துணியை அவிழ்த்துக் காட்டினாள். விரல் முட்டிகளிலும் விரல் இடுக்குகளிலும் வட்ட வட்டமான குழிகள். விளிம்பு தடித்து, நடுவே ஆழமாக, ஆணியால் குத்தி எடுத்தது போல. "பாக்கத்தான் பயமா இருக்கு. ஆனா வலியே இல்ல. அந்த மட்டும் காளி புண்ணியம்."

"வலியே இல்லையா?"

"இல்லையே."

வலிக்காத புண் என்றால் சந்தைக்கு ஒரே அர்த்தம்தான். பெருவியாதி, அதாவது தொழுநோய். யாரும் அந்தச் சொல்லைப் பாருலின் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் ஜாடையில் சொல்லியிருந்தார்கள். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு அது இல்லை, வேறு ஏதோ தோல் கோளாறு, கல்கத்தா போ என்றிருந்தார். சந்தைக் கமிட்டி செக்ரட்டரி கோபேஸ்வர் ஸாஹாவுக்கு அந்த டாக்டர் மேல் நம்பிக்கை இல்லை. தன் மூலவியாதியை டாக்டர் குணப்படுத்தவில்லை என்ற வருத்தம் ஸாஹாவுக்கு.

ஆனால் கேதகி அப்போது கையைப் பார்க்கவில்லை. அரிவாள்மணைக்குப் பக்கத்தில் இருந்த கூடையைப் பார்த்தாள். நிரம்பி இருந்தது. சாம்பல் ஒரே சீராக, மாவு போலச் சலிக்கப்பட்டிருந்தது. எந்த அடுப்பிலும் சாம்பல் அப்படி விழாது. அந்தச் சல்லடையை அவளே கல்கத்தாவிலிருந்து வாங்கி வந்திருந்தாள்.

"மாசி, இந்தச் சாம்பல்..."

"உங்க காலேஜுச் சாம்பல்தான்!" பாருலின் குரலில் பெருமை பொங்கிற்று. "பஞ்சு கொண்டாந்து குடுத்தான். அதுக்கப்புறம்தான் இந்தக் கூட்டம். இந்தச் சாம்பல்ல வெட்டினா மீனுக்குப் போடற ஃபார்மலின்கூடப் போயிடும்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். விஷம் தின்ன சாம்பலாச்சே. எதிர்க்கடை நிமாய்க்கு வயித்தெரிச்சல் தாங்கல. அவன்தான் கையைப் பத்திக் கண்டதையும் கிளப்பி விடறான்."

கேதகி ஒரு சிட்டிகைச் சாம்பலைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டாள். பாருல் அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டாள். "பல்லு தேய்க்கவா?" என்று சிரித்தாள்.

ஆய்வகத்தில் சாம்பலைக் குழாய்த் தண்ணீரில் கலக்கி வடிகட்டி, கொஞ்சம் அமிலம் சேர்த்து, சோதனை மருந்தை இரண்டு சொட்டு விட்டாள். தண்ணீர் நாவற்பழச் சாறு போல ஊதாவாக மாறிற்று, குரோமியம் இருந்தால் வருகிற நிறம். அவளுக்குத் தெரிந்ததுதான். அமிலத்தில் இருக்கும்வரை சாம்பல் குரோமியத்தை விடாது. சாதாரணத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடும். சோடா உப்புத் தண்ணீரில் இன்னும் சீக்கிரம். பாருல் மேடையையும் கையையும் சோடா உப்புப் போட்டுத்தான் கழுவுவாள். மீன் முள் குத்தாத நாள் கிடையாது அவள் கையில். ஒவ்வொரு குத்தலும் ஒரு வாசல்.

சோதனைக் குழாயைக் கையில் பிடித்தபடியே தலாபாத்ராவின் அறைக்குப் போனாள். அவர் புகைப்படக்காரன் அனுப்பிய தன் படங்களில் எது நன்றாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மாநில அளவில் ஒரு விருது அறிவிக்கப்பட்டிருந்தது.

எல்லாம் கேட்டுவிட்டு அவர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "அழகான ஊதா. எவ்வளவு வந்தது?"

"ஸார், அந்த அம்மா கை..."

"அதைத்தான் சொல்றேன். குழாய்த் தண்ணியில எவ்வளவு விடுது, சோடாவுல எவ்வளவு விடுது, இதை நாம பார்க்கவே இல்லையே! இது தனிக் கட்டுரை, கேதகி. இந்தத் தடவை உன் பேரை மூணாவதாப் போடறேன்."

"அவங்களைச் சந்தையை விட்டு எழுப்பப் போறாங்க ஸார். பெருவியாதின்னு. நாம போய் ஒரு வார்த்தை சொல்லணும். சிகிச்சைக்குக் கல்கத்தா அனுப்பணும்."

தலாபாத்ரா குழாயை மெதுவாக மேசைமேல் இருந்த பேனாக் கூட்டில் செருகினார். "யார் அந்தச் சாம்பலை வெளியே அனுப்பினது?"

கேதகி பேனாக் கூட்டில் நின்ற ஊதாக் குழாயைப் பார்த்தாள்.

"பஞ்சானன்கிட்ட யார் என்ன சொன்னாங்க? நான் அப்புறப்படுத்துன்னுதான் சொன்னேன். மீன் வெட்டக் குடுன்னு சொல்லலையே." அவர் குரல் மிகவும் கனிவாக இருந்தது. "உன் நல்லதுக்குச் சொல்றேன். அடுத்த மாசம் உன் புதுப்பிப்பு வருது. அந்தம்மா கைக்கு ஏதாவது களிம்பு வாங்கிக் குடு. நான் வேணும்னா பங்கு தரேன்."

கேதகி களிம்பு வாங்கிக் கொடுத்தாள். கூடையில் இருந்த சாம்பலையும் கொட்டகையில் மிச்சமிருந்த மூட்டைகளையும் வேன் வைத்துக் கல்லூரிக்கே திருப்பி எடுத்து வந்தாள். பாருலிடம், "இது பழசாயிடுச்சு மாசி, இனி ஆகாது," என்று மட்டும் சொன்னாள். பாருல் முகம் வாடிற்று. நல்ல சாம்பல் போகிறதே என்று.

அதோடு முடிந்துவிடும் என்றுதான் கேதகி நினைத்தாள், அல்லது நினைக்க முயன்றாள். ஆனால் புண் ஆறுகிறதற்கு முன்னால் கமிட்டி கூடுகிற நாள் வந்துவிட்டது. அதற்கு முந்தைய மாலை பாருல் கேதகியின் அறைக்கே வந்தாள். அதுவரை வந்ததில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. எதையும் தொடாமல், கைகளைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு கோபேஸ்வர் என் மேடைய வேற ஆளுக்குக் குடுக்கப் போறான் திதிமணி. எங்க வீட்டுக்காரர் போனப்பகூட நான் அந்த மேடையைவிட்டு ஒரு நாள் எழுந்ததில்ல. டாக்டர் சொன்னதை எவனும் நம்பல. நீங்க பெரிய காலேஜுக்காரங்க. நீங்க வந்து அந்த வியாதி இல்லன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"வரேன் மாசி."

"ஒரு வார்த்தை போதும்," என்று மறுபடி சொல்லிவிட்டுப் போனாள்.

காலையில் மழை விட்டிருந்தது. சந்தையின் நடுவே கோபேஸ்வர் ஸாஹா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அரிசிக் கடைக்காரர், மீனைத் தொடமாட்டார், ஆனால் மீன் சந்தைக்குத் தீர்ப்புச் சொல்வதில் அவருக்கு இணை கிடையாது.

"நாங்க என்ன கல்நெஞ்சக்காரங்களா? பாருல் எனக்குத் தங்கச்சி மாதிரி. தங்கச்சிக்கு அந்த வியாதி வந்தாலும் மேடைய விடத்தானே வேணும்? ஜனங்க திங்கற பொருள்," என்றார்.

"அந்த வியாதி இல்லை," என்றாள் கேதகி.

எல்லாரும் திரும்பினார்கள். கூட்டத்தில் பஞ்சுதாவும் இருந்தார், பையில் புடலங்காயோடு. பாருலின் முகம் தெளிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஒரு வார்த்தைதான் கேட்டிருந்தாள்.

"அந்த வியாதி இல்லேன்னா பின்ன என்ன, திதிமணி?" என்றார் கோபேஸ்வர் மரியாதையாக. "படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்காரனுக்கும் தெரியல. பேர் தெரியாத வியாதின்னா அது இன்னும் மோசம் இல்லையா?"

கேதகி ஏதாவது ஒரு பெயர் சொல்லியிருக்கலாம். சொறி, படை, எதுவானாலும். ஆனால் எத்தனையோ நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அவளையும் மீறிப் பெயர்ந்து வந்தது. "சாம்பல். எங்க கல்லூரிச் சாம்பல். ஆய்வகத் தண்ணியில இருந்த விஷத்தை அது பிடிச்சு வச்சிருந்தது. பிடிச்ச விஷம் அதுலயேதான் இருக்கும். எங்கயும் போகாது. அதை முறையா அப்புறப்படுத்தாம வெறும் சாம்பல்னு சொல்லி அனுப்பினது நான். தப்பு எங்களோடது. மாசி மேல தப்பே இல்லை."

பாருல் துணி சுற்றிய கையை நீட்டி அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் கேதகி நிறுத்தினாள்.

மேடையை ஒட்டி நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். பிறகு ஒரு பெண், "விஷச் சாம்பல்லயா மீன் வெட்டினா?" என்றாள்.

"கோடை பூரா அவகிட்டதான் வாங்கினோம். எங்க மாமனாருக்கு வயிறு சரியில்லாம போச்சே!"

"எங்க வீட்டுல குழந்தைக்கு..."

"வெட்டினப்புறம் கழுவறோம், மீன்ல ரொம்பக் கொஞ்சம்தான்..." என்று கேதகி கத்திப் பார்த்தாள். யார் காதிலும் ஏறவில்லை.

"காலேஜுச் சாம்பல், காலேஜுச் சாம்பல்னு இவளே கூவிக் கூவி வித்தாளே," என்றான் எதிர்மேடை நிமாய் ஹால்தார். அவன் குரலில் வயிற்றெரிச்சல் தீர்ந்த நிம்மதி இருந்தது.

"பெரிய ஸார் குழாயில பேசினப்ப நல்லதுன்னுதானே சொன்னாரு? அவர் பொய் சொல்லுவாரா? அவருக்கு ஸர்க்கார் விருது குடுக்குது. இவதான் ஏதோ கலந்திருக்கா."

"இவளுக்கு அது எப்படிக் கிடைச்சுது? யார் குடுத்தா?"

பார்வைகள் பஞ்சுதாவிடம் போயின. ஓய்வு பெற அவருக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. அவர் புடலங்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் குடுக்கல. ஊருக்கு வெளியே கொட்டினேன். இவளேதான் அள்ளிக்கிட்டிருக்கணும்."

பாருல் அவரைப் பார்த்தாள். பிறகு கேதகியைப் பார்த்தாள்.

"ஏன் திதிமணி?" என்றாள் மெதுவாக. "வியாதின்னு சொல்லியிருந்தாக்கூட ரெண்டு பேர் பாவம்னு சொல்லியிருப்பாங்க. ஊருக்கே விஷம் வச்சவள்னு ஆக்கிட்டீங்களே."

அன்றே மேடையைப் பினாயில் போட்டுக் கழுவினார்கள். சாயங்காலம் யாரோ அவள் வீட்டுக் கூரைமேல் கல் எறிந்தார்கள். அரிவாள்மணையை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. கழுவினாலும் விஷம் போகாது என்று கோபேஸ்வர் அதை ஆற்றில் எறியச் சொன்னார்.

கல்லூரி ஒரு விசாரணைக் குழு போட்டது. மாவட்டத்திலேயே அந்த விஷயத்தில் தேர்ந்தவர் டாக்டர் தலாபாத்ரா என்பதால் குழுவுக்குத் தலைவர் அவர். படிப்பறிவில்லாத மக்கள் மரபான மூடப் பழக்கத்தால் ஆய்வுப் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியது வருந்தத்தக்கது என்று குழு முடிவு செய்தது. விழிப்புணர்வுக் கருத்தரங்கு ஒன்று நடத்த வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கேதகியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அதில் குற்றம் சொல்ல ஏதுமில்லை. காலம் முடிந்திருந்தது, அவ்வளவே. குளத்துக்கு மறுபடி ஆரஞ்சுத் தண்ணீர் போகத் தொடங்கிற்று. டிரம்மை இயக்க ஆள் இல்லை.

பாருல் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டாள். எங்கே என்று கேட்க ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. கேதகி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆற்றுக்கு அக்கரையில், படகில் போய் அப்புறம் வேனில் போகிற ஒரு கிராமத்துச் சந்தையில் அவளைப் பார்த்ததாக ஒரு கீரைக்காரி சொன்னாள்.

கூச்பிஹாருக்குக் கிளம்புவதற்கு முன் கேதகி அங்கே போனாள். கல்கத்தாவில் ஒரு தோல் மருத்துவரிடம் பேசி வைத்திருந்தாள். கூட்டிக்கொண்டு போவது, சிகிச்சை முடிகிறவரை கூடவே இருப்பது என்று படகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திக்கொண்டாள். மன்னிப்புக் கேட்பதற்கான வார்த்தைகள் மட்டும் ஒழுங்குக்கு வரவில்லை.

வாரச் சந்தை. மீன் பக்கம் முழுக்கத் தேடினாள். பாருல் மீன் பக்கம் இல்லை. ஒரு மூலையில் கோணி விரித்து, வள்ளைக்கீரையும் சேப்பங்கிழங்கும் பரப்பி உட்கார்ந்திருந்தாள். கையில் துணி இல்லை. புண்கள் ஆறி வெளிறிய குழிகளாக நின்றிருந்தன; இரண்டு விரல் மடங்கினபடியே இருந்தது. பக்கத்தில் இன்னொரு கீரைக்காரி. இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கேதகி எதிரே போய் நின்றாள். வாய் திறப்பதற்குள் பாருல் நிமிர்ந்தாள். அந்த முகத்தில் வந்து மறைந்ததைக் கேதகி பார்த்தாள். கோபம் இல்லை. பயம்.

"வாங்க திதி," என்றாள் பாருல். எல்லாரையும் கூப்பிடுகிற குரல். "கீரை பாருங்க, இப்பத்தான் பறிச்சது. இந்தப் பக்கம் உங்களைப் பார்த்ததே இல்லையே. புதுசா?"

பக்கத்துக் கீரைக்காரி ஆவலாக ஏறிட்டுப் பார்த்தாள். "பாத்தா டவுன் ஆளு மாதிரி இருக்கீங்க. எந்த ஊரு? மாதப்கஞ்சா?"

பாருலின் விரல்கள் கீரைக் கட்டின் மேல் அசையாமல் நின்றன. கண் கேதகியின் முகத்தை விட்டு நகரவில்லை.

"இல்லை," என்றாள் கேதகி. "வடக்கே. ரொம்ப தூரம். புதுசாத்தான் வந்தேன்."

"அதானே," என்றாள் பாருல்.

இடது கையால், மடங்கிப்போகாத மற்ற விரல்களைக் கொண்டு, இரண்டு கட்டுக் கீரையை எடுத்து வாழைநாரில் சேர்த்துக் கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை நழுவிற்று. கேதகி உதவக் குனிந்தாள். பாருல் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை முடிச்சு விழுந்தது. கேதகி வாங்கிக்கொண்டு, யாரோ ஒருத்தி போல, படகுத்துறையைப் பார்த்து நடந்தாள்.